கிபிர் கேட்கிற அளவுக்கு

சின்ன வயதில் சிவரூபிக்குப் பிடித்த இசை தப்பு மேளம்தான். மலையகத்திலிருந்து ஸ்கந்தபுரத்துக்குக் குடிவந்த அப்பா பழனியாண்டி, மாரியம்மன் கோயிலில் அடிப்பார். நெஞ்சுக்குள் அதிரவேண்டும் என்பதற்காகவே அவருக்குப் பக்கத்தில் போய் நிற்பாள்.

பதினைந்து வயதில் சினிமாப் பாட்டுக்கு மாறினாள். பற்றரி கிடைக்காத காலம். தம்பி சஜீவன் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் கசட் பாடும். சத்தம் பெருகட்டும் என்று ஸ்பீக்கரை மண்பானை வாயில் வைப்பாள். மெதுவான பாட்டு வந்தால் ஓட்டிவிடுவாள்.

தொண்ணூற்றேழில் ஒரு மத்தியானம் இருவரும் அப்படித்தான் இருந்தார்கள். மிளகாய்த் தோட்டத்தில் நின்ற அம்மா சுப்பம்மா கிபிர் விமானம் வட்டமிடுவதைக் கேட்டு, பங்கர்க் குழிக்குள் போகச் சொல்லிக் கத்தியிருக்கிறாள். பானைச் சத்தத்தில் அது வீட்டுக்குள் கேட்கவில்லை. அம்மா நிலத்தில் படுத்துக்கொள்ளாமல் வீட்டை நோக்கி ஓடிவந்தாள். குண்டு குளக்கட்டில் விழுந்தது. சிதறிய துண்டொன்று அவளுடைய தொடையைக் கிழித்தது.

அம்மா பிழைத்தாள். கால் மட்டும் கொஞ்சம் இழுக்கும். "கூப்புட்டது கேக்கலயா புள்ள?" என்று ஆஸ்பத்திரியில் ஒருமுறை கேட்டாள். பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை.

ஒரு வருஷம் சிவரூபி எந்தப் பாட்டும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ தனியாகப் புல்லாங்குழல் வாசித்தார்கள். வாசிப்பின் இடைவெளியில் காற்றும் மாட்டு மணியும் கேட்டன. வானத்தில் கிபிர் வந்தாலும் கேட்கும் என்று நினைத்தாள். அதன்பிறகு புல்லாங்குழல், தனிக்குரல் பாட்டு என்றே கேட்டாள். கூட்டாளிகள் கிழவி என்று கேலிசெய்தார்கள். வயது வந்தால் ரசனையும் மாறும்தானே என்று அவளும் நம்பிவிட்டாள்.

இரண்டாயிரத்தில் துணுக்காயில் உழவு இயந்திரம் திருத்தும் கனகலிங்கத்தைக் கட்டினாள். அவனுக்குப் பாட்டென்றால் வேலி அதிரவேண்டும். அவன் கூட்டுவான், அவள் குறைப்பாள். முதலில் விளையாட்டாக இருந்தது. பிறகு சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புகிற அளவுக்குப் போனது.

மறுவருஷம் கனகலிங்கத்தின் அக்கா மகள் பெரியவளானதற்குச் சாமத்தியச் சடங்கு. ஜெனரேட்டர் போட்டு, பெரிய பெட்டிகளில் பாட்டு. தேங்காய் துருவிக்கொண்டிருந்த சிவரூபிக்கு யாரோ கூப்பிடுவதுபோலவே இருந்தது. எழும்பி நேரே போய்ப் பாட்டை நிற்பாட்டினாள்.

"ஜெனரேட்டரையும் நிப்பாட்டுங்கோ," என்றாள்.

பந்தலில் இருந்தவர்கள் பயந்துபோய் நிறுத்தினார்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். தாய்மார் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். எங்கேயோ ஒரு காகம் கத்தியது. வேறொன்றும் இல்லை.

"நல்ல காரியத்தில என்ன பிள்ளை இது?" என்றாள் மாமியார் அன்னபாக்கியம்.

வீட்டுக்கு வந்ததும் கனகலிங்கம் கதவை அடித்துச் சாத்தினான்.

"சபையில என்னை வெட்கப்படுத்திப்போட்டாய். உனக்கு என்ன பிரச்சினை?"

அப்போதுதான் சொன்னாள். பானையை, டைனமோவை, மிளகாய்த் தோட்டத்தை. அவன் கதிரையில் இருந்து நிலத்தைப் பார்த்தபடி கேட்டான்.

"அம்மான்ர கால் கண்ணிவெடியில எண்டெல்லோ நினைச்சிருந்தனான்," என்றான் கடைசியில்.

அடுத்தநாள் பின்னேரம் வேலையால் வந்தவன் கசட் செட்டை மேசையில் வைத்துப் பற்றரி வயரைக் கொழுவினான்.

"நான் வளவுக்குள்ள நிக்கிறன். கிபிர் வந்தா நான் கேப்பன். நீ விருப்பமானதைப் போட்டுச் சத்தமாக் கேள்."

"உங்களுக்குக் கேக்காட்டி?"

"கேக்கும். அதுக்குத்தானே நிக்கிறன்."

அவனுடைய கசட் ஒன்றைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாள். பாதிப் பாட்டில் யன்னலுக்கு ஓடினாள். அவன் கிணற்றடியில் கிபிர் வருகிற தெற்குப் பக்கம் பார்த்தபடி, காதுக்குப் பின்னால் கையை மடித்து வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே போ என்று தலையை ஆட்டினான்.

திரும்பி வந்து அந்தப் பாட்டை முடியும்வரை கேட்டாள். பயம் கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆனால் பாட்டு அவளுக்குப் பிடிக்கவில்லை. கசட்டை மாற்றிப் புல்லாங்குழலைப் போட்டாள். சத்தத்தைக் குறைக்கவில்லை, இன்னும் கூட்டினாள். வீடு முழுக்க அது நிறைந்தது. வாசிக்கிறவர் மூச்செடுப்பதுகூடக் கேட்டது.

"இதையே இவ்வளவு சத்தமாக் கேக்கிறாய்?" என்று வெளியிலிருந்து கத்தினான் கனகலிங்கம்.

"ஓம்," என்றாள் அவள். "அங்கயே நில்லுங்கோ."