துப்பாமல் குடித்த ஒயின்

அமெரிக்காவில் இருக்கிற எங்களுக்கு லிவர்மோர் என்றால் கோயில். ஃப்ரீவேயில் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்ததுமே கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். கோயிலைத் தாண்டிப் போனால் மலையடிவாரம் முழுக்கத் திராட்சைத் தோட்டமும் ஒயினரியும்தான் என்பது 2001 ஏப்ரல் வரை எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

என் வீட்டுக்காரர் சபரிக்கு கெவின் என்று ஒரு மேனேஜர். சான் ஹோசேயில் இவர்கள் கம்பெனியில் ஏற்கெனவே இரண்டு தடவை ஆட்களை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மிச்சம் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வரட்டும் என்று, ஒரு வெள்ளிக்கிழமை டீம் மொத்தத்தையும் குடும்பத்தோடு ஒயினரிக்கு வரச் சொல்லியிருந்தார். எங்கள் கோபிச்செட்டிப்பாளையத்தில் இழவு வீட்டில்கூட வந்தவர்களுக்குக் காபிதான் கொடுப்பார்கள். இங்கே ஒயின்.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். இவருக்கு எச்-1 விசா. வேலை போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்கள் அபார்ட்மெண்ட் லாண்டரி ரூம் சுவர் பூராவும் 'மூவிங் சேல்' நோட்டீஸ். ரைஸ் குக்கர், வெட் கிரைண்டர், தொட்டில் என்று எல்லாம் நம் ஆட்கள் விற்றுவிட்டுப் போகிற சாமான். துணி துவைக்கப் போகும்போதெல்லாம் புதிதாக யார் பெயர் ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன். அதனால் சபரி வேறொரு பெரிய கம்பெனிக்குச் சத்தமில்லாமல் இன்டர்வியூ போனார். எடுத்துக்கொள்கிறோம், திங்கட்கிழமை ஆஃபர் லெட்டர் அனுப்புகிறோம் என்று போனில் சொல்லியும் விட்டார்கள். விசா மாற்றுகிற வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பமாகும். அதுவரை வெளியில் மூச்சு விடக்கூடாது.

"ஏனுங்க, திங்கக்கெழம வரைக்கும் வாயத் தொறந்துராதீங்க," என்று கிளம்பும்போதே சொன்னேன்.

"நான் என்ன சின்னப் பையனா வசந்தா?"

"சின்னப் பசங்களுக்கு ஒருக்கா சொன்னாப் போதுமுங்க."

எங்கள் கரோலா காரிலேயே, சிவா என்று நாங்கள் கூப்பிடுகிற சிவராமகிருஷ்ணனும் அவர் மனைவி ஷ்யாமளாவும் வந்தார்கள். அவரும் கெவின் டீம்தான். மயிலாப்பூர்க்காரர், மெதுவாகப் பேசுவார், கேட்டால்தான் பேசுவார். ஷ்யாமளாவுக்கு ஏழு மாசம். இந்த ஊரில் எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி அவள்தான். கோயில் எக்ஸிட் வந்ததும், ஒரு எட்டு போய் அர்ச்சனை பண்ணிவிட்டுப் போகலாம் என்று மெல்லச் சொன்னேன். "இப்பவே லேட். ரிட்டர்ன்ல போலாம்," என்று இவர் வண்டியை நிறுத்தாமல் போய்விட்டார்.

ஒயினரி அழகாகத்தான் இருந்தது. பழைய கல் கட்டிடம், உள்ளே நீள மர கவுண்டர், அதன் பின்னால் வெள்ளைத் தலைமுடியை இறுக்கிக் கட்டிய ஒரு அம்மாள். அந்த இடமே அவர்கள் குடும்பத்துச் சொத்தாம். இத்தாலியிலிருந்து வந்த தாத்தா வைத்த தோட்டமாம். அந்தக் காலத்தில் இங்கே மதுவிலக்கு வந்தபோது பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாம் கொடியை வெட்டிப்போட்டு வாதுமை வைத்தார்களாம். அந்த அம்மாளின் தாத்தா மட்டும் சர்ச்சுக்குப் பூசை ஒயின் கொடுக்கிறேன் என்று லைசென்ஸ் வாங்கித் தப்பித்தாராம். சாமி பெயரைச் சொல்லிப் பிழைப்பது எல்லா ஊரிலும் உண்டு போல.

சொல்லிக்கொண்டே எல்லோருக்கும் கிளாஸில் ஒரு விரல் உயரத்துக்கு ஊற்றினார். ஷ்யாமளாவுக்கும் எனக்கும் சிவாவுக்கும் திராட்சை ஜூஸ். சிவா வாயைத் திறந்து "ஐ டோன்ட் டிரிங்க்" என்றதுதான் அன்றைக்கு அவர் பேசிய நீளமான வசனம். சபரியும் குடிக்கிறவர் கிடையாது. ஆனால் மேனேஜர் கையாலேயே கிளாஸை எடுத்துக் கொடுக்கும்போது எப்படி வேண்டாம் என்பது? வாங்கிக்கொண்டார்.

கெவின் கிளாஸைச் சுழற்றினார், மோந்து பார்த்தார், வாயில் விட்டுக் கொப்பளித்தார். அப்புறம் கவுண்டர் மேல் இருந்த வெள்ளி வாளியில் துப்பினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பத்துப் பேர் எச்சில் அந்த வாளியில். அதுதான் முறையாம். ருசி பார்க்கத்தான் வாய், வயிற்றுக்குப் போகக்கூடாதாம். வேண்டாததைக் கிளாஸோடு அதில் கவிழ்த்துவிடலாமாம்.

இவரால் அது முடியவில்லை. படியளக்கிறவர் எதிரில் நின்றுகொண்டு, அவர் கொடுத்ததை எச்சிலாகத் துப்புவதா? இலையில் பரிமாறியதை மிச்சம் வைத்தாலே அடி விழுகிற வீட்டில் வளர்ந்தவர். மடக்கென்று விழுங்கிவிட்டுக் காலிக் கிளாஸைப் பணிவாக வைத்தார். காலிக் கிளாஸைக் கண்டால் அந்த அம்மாளுக்குச் சந்தோஷம். "பிடித்திருக்கிறதா?" என்று அடுத்ததை இன்னும் தாராளமாக ஊற்றினார். நம் ஊரில் போதும் என்றால் இலையைக் கையால் மறைப்போம். இங்கே அடியில் கொஞ்சம் விட்டால்தான் போதும் என்று அர்த்தமாம். அது இவருக்குத் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. வெள்ளை, ரோஸ், சிவப்பு, கருஞ்சிவப்பு என்று வரிசையாக உள்ளே போயிற்று.

"ஏனுங்க, போதுமுங்க." சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மரியாதைக்கு வசந்தா. மரியாதைக்கு."

ரொட்டித் துண்டை எடுத்துக் கையில் திணித்தேன். அதைப் பிய்த்து எனக்கே ஊட்ட வந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அந்த அம்மாளிடம், இவருக்குப் பழக்கமில்லை, நிறுத்திக்கொள்ளுங்கள் என்று இங்கிலீஷில் கெஞ்சினேன். பழகத்தானே இங்கே வருகிறார்கள் என்று கண்ணடித்துச் சிரித்தார். யார் மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பிறகு எல்லோரையும் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கொடிகளில் அப்போதுதான் துளிர் விட்டிருந்தது. ஒரு காலத்தில் வேர்ப்பூச்சி வந்து ஃப்ரான்ஸ் திராட்சை எல்லாம் பட்டுப்போனதாம். அந்தப் பூச்சியைத் தாங்குகிற அமெரிக்க வேரில் ஃப்ரான்ஸ் கொடியை ஒட்டுக்கட்டித்தான் இப்போது வளர்க்கிறார்களாம். அந்த அம்மாள் இதைச் சொல்லி முடிக்கவும், சபரி ஸ்கூல் பையன் மாதிரி கையைத் தூக்கினார்.

"வேர் ஒத்துக்கொள்ள எத்தனை வருஷம் ஆகும்? எனக்கு இன்னும் லேபர் ஸ்டேஜே தாண்டவில்லை."

கிரீன் கார்டைத்தான் சொல்கிறார் என்று புரிந்து எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். கெவின் சிரித்துக்கொண்டே வந்து இவர் தோளில் கை போட்டார். கவலைப்படாதே, உன் கிரீன் கார்டைப் பற்றி நானே திங்கட்கிழமை எச்.ஆரிடம் பேசுகிறேன் என்றார். நல்ல மனுஷன்தான். அந்த நல்லதனம்தான் எங்களைக் கவிழ்த்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது அந்த நிமிஷம் பார்த்தா இவருக்கு ஞாபகம் வரவேண்டும்? இவர் முகம் கோணுவதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அழப்போகிறார். அழுதால் சொல்லிவிடுவார்.

"ஏனுங்க, வாங்க, தண்ணி குடிக்கலாம்," என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டார்.

சொல்லிவிட்டார். உங்கள் ஒயினைக் குடித்துவிட்டு உங்களுக்குத் துரோகம் பண்ண மாட்டேன், எனக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை லெட்டர் வருகிறது, நான் போகிறேன் என்று கண்ணீரோடு கெவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார். நுணலும் தன் வாயால் கெடும். நுணலாவது தண்ணீரில் இருந்துகொண்டு கெடும்.

நான் குறுக்கே புகுந்து, இன்னும் முடிவாகவில்லை, அவர் ஏதோ உளறுகிறார் என்றேன். கெவின் என்னைப் பார்க்கவே இல்லை. சபரியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணிலும் தண்ணீர். நீ எனக்கு எவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியாது என்றார். ஒருவர் வேலையை விடுகிறேன் என்றால் மேனேஜருக்கு அதில் என்ன உதவி? எனக்கு விளங்கவில்லை. உள்ளே போய் ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் வாங்கி வந்தார். புது வேலையில் சேர்கிற அன்றைக்குத் திறக்க வேண்டும் என்று சொல்லி, சபரிக்குக் கை நிலையாக இல்லாததால் என் கையில் கொடுத்தார். நான் தேங்க்யூ என்றேன். வேறு என்ன சொல்வது?

திரும்பி வரும்போது இவரால் சாவியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. நான் டிரைவிங் டெஸ்டில் இரண்டு தடவை கோட்டை விட்டவள். சிவாவை கெவின் பார்க்கிங் லாட்டில் தனியாகக் கூப்பிட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். சிவா திரும்பி வந்தபோது முகம் வெளிறிக் கிடந்தது, சாவியை வாங்கிப் பக்கத்துக் கார் கதவில் நுழைக்கப் பார்த்தார். "நீங்க பேசாம உக்காருங்கோ, நான் டிரைவ் பண்றேன்," என்று ஏழு மாச வயிற்றை ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டு ஷ்யாமளாதான் ஓட்டினாள். கோயில் எக்ஸிட் வந்தது. வண்டி பூராவும் ஒயின் வாடை, மடியில் பாட்டில், தோளில் இவருடைய தலை. இந்தக் கோலத்தில் எந்த சாமி முன்னால் போய் நிற்பது? உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

எங்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, காலையில் அங்கே நிறுத்தியிருந்த தங்கள் காரில் அவர்கள் போய்விட்டார்கள். இவரைச் சோபாவில் தள்ளி ஷூவைக் கழற்றினேன். அப்போதுதான் ஆன்சரிங் மெஷினில் சிவப்பு விளக்கு மினுக்குவதைப் பார்த்தேன். அமுக்கினேன். புதுக் கம்பெனி ரெக்ரூட்டர் பெண். ரொம்ப ரொம்ப வருத்தப்படுகிறேன் என்றாள். மேலிடத்து உத்தரவாம், புதிதாக யாரையும் எடுக்கக்கூடாதாம், வாயால் சொன்ன ஆஃபர்கள் எல்லாம் ரத்தாம். வீக்கெண்டை நன்றாகக் கழிக்கச் சொல்லி வைத்துவிட்டாள்.

திரும்பவும் அமுக்கிக் கேட்டேன். திரும்பவும் அதையேதான் சொன்னாள்.

அப்புறம் கெவின் நம்பரைத் தேடி எடுத்தேன். சபரி உளறிவிட்டார், எங்கேயும் போகவில்லை, வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டுவிடலாம். ரிசீவரில் கை வைத்ததும் அதுவே மணியடித்தது.

"வசந்தா, நான்தான்." ஷ்யாமளா. "சிவா ஆத்துக்கு வந்தப்பறம்தான் எங்கிட்ட சொன்னார். டீம்ல ஒருத்தரை அனுப்பணும்னு கெவினுக்கு ஆர்டராம். சிவா பேரத்தான் டிசைட் பண்ணி வெச்சிருந்தாராம். மண்டே சொல்றதா இருந்தாராம். சபரி தானாவே போறேன்னதும், நீ சேஃப்னு சிவாகிட்ட சொல்லி அழுதுட்டாராம் அந்த மனுஷன்."

ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"குழந்தை பொறக்கற நேரத்துல இன்ஷூரன்ஸ் இல்லாம, விசா இல்லாம என்ன பண்ணிருப்போம்னு நெனச்சாலே பதறறது வசந்தா. நீங்க ரெண்டு பேரும் எங்களுக்கு தெய்வம் மாதிரி. நாளைக்குக் கோயிலுக்குப் போறோம். உங்க பேருக்கும் சேத்து அர்ச்சனை பண்றேன். சபரியோட நட்சத்திரம் என்ன?"

"உத்திரமுங்க," என்றேன்.

"உனக்கு?"

சொன்னேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். சந்தோஷம் என்றும் சொன்னேன். சொல்லும்போது அது பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை. வைத்தபிறகு கெவின் நம்பர் கையிலேயே இருந்தது. கூப்பிட்டால் சிவா போவார். கூப்பிடாவிட்டால் நாங்கள் போவோம். எப்படியும் ஒரு வீட்டு ரைஸ் குக்கர் லாண்டரி ரூம் சுவரில் ஏறத்தான் போகிறது. யார் வீடு என்பதை நானா சொல்ல வேண்டும்? ஒன்றும் ஓடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எதிரில் மேஜை மேல் அந்த பாட்டில்.

சோபாவில் இவர் புரண்டு கண்ணைத் திறந்தார்.

"தலை வெடிக்குது வசந்தா. போன்ல யாரு?"

"ஷ்யாமளாங்க. நாளைக்கு நம்ம பேருக்கு அர்ச்சனை பண்றாளாம்."

"நல்ல பொண்ணு." கண்ணை மூடினார். மறுபடி திறந்தார். "நான் அங்க ஏதாச்சும் ஒளறுனனா?"

எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, காலி டம்ளரைப் பணிவாக என் கையில் கொடுத்தார்.