கார் ஷெட்டுக்குப் போட்ட கோடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் மணவாளன் மாமா எங்கள் கொல்லையைக் கூறு போட்டார். அவர் என் வீட்டுக்காரருக்கு அண்ணன். கடலூரில் ஓர் அலுவலகத்தில் வேலை. போன மாதம் கார் வாங்கினார். அன்றிலிருந்து எங்கள் சிதம்பரம் வீட்டில் மனுஷருக்கு மதிப்பில்லை, எல்லாம் அந்தக் காருக்குத்தான்.

கொட்டாங்குச்சியில் சுண்ணாம்புத் தூளை அள்ளிக்கொண்டு, கயிறு பிடித்துக் கோடு இழுத்தார்.

"இது கார் ஷெட்டு. இது துணி காயப்போட. இங்க கத்திரி, வெண்டை. அங்க சாயங்காலம் உக்கார சிமெண்டு பெஞ்சு."

கடைசியில் மாமரத்தடியில் ஒரு சின்னக் கட்டம் மிஞ்சியது. கயிற்றுக் கட்டில் ஒன்று போட்டால் நிறைந்துவிடும்.

"இளவரசி, இது ஒனக்கு. வெளையாட்டுக்குன்னு தனியா ஒதுக்கிட்டேன், பாரு" என்றார். தானம் கொடுத்தவர் முகம்.

"இதுல கபடி ஆட முடியாது மாமா. தாயம் ஆடலாம்."

"அதையே ஆடு. கல்யாணமாகி எட்டு வருஷம் ஆவுது. இன்னும் என்னா தொடையத் தட்டிக்கிட்டு?"

எனக்கு உச்சிமண்டை வரை ஏறியது. என் வீட்டுக்காரர் பாண்டியனைப் பார்த்தேன். அவர் காலில் இருக்கும் செருப்பையே குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

நாங்கள் ஏழு பேர். காலேஜ் படிக்கும் இலக்கியா, மருந்துக் கடைக்குப் போகும் வினோதினி, என்னைப் போலக் கல்யாணமானவர்கள் என்று ஒரு டீம். அடுத்த மாதம் கடலூரில் மாவட்டப் போட்டி. பள்ளிக்கூட மைதானத்தில் ஆடலாமே என்பார்கள். ஆடிப் பார்த்தோம். மதில் மேல் வரிசையாக உட்கார்ந்து செல்போனில் படம் பிடித்தார்கள். அன்றோடு நான்கு வீட்டில் அனுப்ப மாட்டோம் என்றுவிட்டார்கள். எங்கள் கொல்லைக்கு நாலு பக்கமும் மதில் உண்டு என்பதால்தான் திரும்ப அனுப்பினார்கள். இதுவும் போனால் டீம் கிடையாது, அவ்வளவுதான்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், மாமாவும் ஆடியவர். ஹாலில் கண்ணாடி அலமாரிக்குள் அவருடைய ஒன்பது கோப்பைகள் இருக்கின்றன. வாரா வாரம் துடைப்பது நான். டிவியில் கபடி ஓடினால் இன்றைக்கும் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நின்றுவிடுவார். அவர் ஆடியது வீரமாம், நான் ஆடினால் தொடை தட்டுவதாம்.

திங்கட்கிழமை சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். கோடுகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"அவ்ளோதானாக்கா?" என்றாள் இலக்கியா.

நானும் பார்த்தேன். கார் ஷெட்டுக்குப் போட்ட கோடு கொல்லையின் நட்டநடுவில், இந்த மதிலிலிருந்து அந்த மதில் பக்கம் வரை நேராக ஓடியது. ஆட்டத்தை விட்டு இருபது வருஷம் ஆகியும் மாமாவின் கை கொஞ்சமும் கோணவில்லை.

"இதுதான் நடுக்கோடு" என்றேன்.

கத்திரி, வெண்டை, சிமெண்டு பெஞ்சு எல்லாவற்றையும் காலால் தேய்த்தேன். மிச்சமிருந்த சுண்ணாம்பை எடுத்துச் சுற்றிலும் என் கோடுகளைப் போட்டேன். பயமில்லாமல் இல்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம் ஜாஸ்தி.

ஆட்டம் சூடு பிடித்த நேரம் சந்துப் பக்கத்து கேட் திறந்தது. கார் மூக்கை உள்ளே நீட்டி ஹாரன் அடித்தது. நான் அப்போது எதிர்ப்பக்கம் பாடிக்கொண்டிருந்தேன். "கபடி கபடி"யை விடாமலே, யாரும் நகராதீர்கள் என்று கையைக் காட்டினேன். மாமா இறங்கி, "என்னா நடக்குது இங்க?" என்று கத்திக்கொண்டே வந்தார். கடைக்கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் அவர் கால் நின்றுவிட்டது.

பாட்டு ஓடும்போது களத்துக்குள் கால் வைக்க எந்த ஆட்டக்காரருக்கும் மனசு வராது. நான் திரும்பி நடுக்கோட்டைத் தாண்டினேன். மாமா காலைத் தூக்கினார். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து இலக்கியா பாடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தூக்கிய காலை மறுபடி கீழே வைத்தார்.

இலக்கியா மூலையில் நின்ற வினோதினியைப் பாய்ந்து தொட்டாள். சறுக்கினாள். எழுந்து ஓடி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டாள். பாயிண்டு என்று அவள் பக்கம் கூச்சல் போட்டது.

"ஏய்! அவுட்டு! கால் கோட்டுல பட்டுச்சு, நான் பாத்தேன்! சைடு கோட்ட மிதிச்சிட்டா!"

கையை உயர்த்திக்கொண்டு கத்தியவர் மணவாளன் மாமா.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மூச்சு வாங்க அவர் முன்னால் போய் நின்றேன்.

"அந்தக் கோடு நான் போட்டது மாமா. அது கோடுதான்னு நீங்களே சொல்லிட்டீங்க."

உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பிடரியைச் சொறிந்தார். "வண்டிய எங்க நிறுத்துறது?"

"தெருவுல. எல்லார் வண்டியும் அங்கதான் நிக்குது."

"நாளைக்கு உள்ள உடுவேன், சொல்லிட்டேன்."

"உடுங்க. ஏழு பேரும் இங்கதான் இருப்போம். ஆட்டம் ஓடும்."

இலக்கியாவிடம் திரும்பினேன். "மாமா சொன்னது சரி. நீ அவுட்டு, வெளிய போ." அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வெளியே போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றாள்.

நான் நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுப் பாட ஆரம்பித்தேன். பின்னால் கார் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே மூன்று பேர் கை கோத்து நின்றார்கள்.