ஹவுகெட்டோவில் நின்ற விமானம்

போன வருடம் செப்ரெம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஒஸ்லோவின் புறநகரான ஹவுகெட்டோவுக்கு மேலே வந்த சிறிய போர்விமானம் ஒன்று ஆகாயத்தில் அப்படியே நின்றுவிட்டு, வெள்ளிக்கிழமைதான் போனது. உள்ளே இருந்தவர் ஜெகதீஸ்வரன். லிப்ட் திருத்துகிறவர், அறுபதை நெருங்கியவர். விமானம் அவரே கட்டியது. இரண்டாம் உலகப்போரில் நோர்வே விமானிகள் ஓட்டிய ஸ்பிட்ஃபயரின் முக்கால் அளவுப் பிரதி. துப்பாக்கி கிடையாது, ஒருவர் மட்டும் இருந்து, நல்ல வெயில் நாட்களில் பொழுதுபோக்குக்குப் பறக்கலாம். ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு வைக்கோல் கொட்டிலை வாடகைக்கு எடுத்து, பல வருடங்கள் சனி ஞாயிறுகளில் அலுமினியத் தகடு வெட்டிப் பொருத்தி அதை முடித்தார். மனைவி உதயகுமாரியிடம் வள்ளம் கட்டுவதாகச் சொல்லியிருந்தார்.

பொய்க்குக் காரணம் இருந்தது. உதயகுமாரியின் தம்பி பிலேந்திரன் யாழ்ப்பாணத்தில் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றபோது குண்டு போடுகிற பொம்மர் வந்தது. அதற்குப் பிறகு உதயகுமாரி ஆகாயத்தை அண்ணாந்து பார்த்ததில்லை. ஒஸ்லோவிலும் ஆஸ்பத்திரி ஹெலிகொப்டர் போனால்கூட அடுக்குமாடியின் நிலவறைக்கு இறங்கிப்போய் இருந்துவிட்டு, சத்தம் அடங்கியதும் மேலே வந்து விட்ட இடத்திலிருந்து வெங்காயம் வெட்டுவார். ஜெகதீஸ்வரனும் பங்கருக்குள் வளர்ந்தவர்தான். ஆனால் அவருக்குள் பயத்தோடு ஓர் ஆசையும் வளர்ந்தது: மேலேயிருந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்று. வெட்கத்தில் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

பறப்பதற்கு உரிமம் கிடைத்த பிறகு உண்மையைச் சொன்னார். வீட்டுக்கு மேலால் ஒருமுறை வருகிறேன், நான்தான் ஓட்டுகிறேன் என்று கண்டால் பயம் விட்டுப்போகும் என்றார். உதயகுமாரி கத்தவில்லை.

"என்ரை தலைக்கு மேலாலை அது போகாது" என்றார்.

போகவில்லை. அடுக்குமாடியின் வாகனத் தரிப்பிடத்துக்கு மேலே வந்ததும், பேர்ச் மரங்களின் உச்சிக்குச் சற்று மேலே விமானம் நின்றது. விசிறி சுற்றிக்கொண்டேயிருந்தது, பெற்றோல் ஒரு சொட்டும் குறையவில்லை, திருப்பவும் முடியவில்லை. பொலிஸ் வந்து கீழே நாடா கட்டியது. தீயணைப்பு ஏணி எட்டவில்லை. முதல் நாள் படம் எடுத்துக் குவித்த ரயில் பயணிகள் அடுத்த நாள் குடையை விரித்துக்கொண்டு வழக்கம்போல வேலைக்குப் போனார்கள். உதயகுமாரி நிலவறையிலேயே இருந்தார். மகள் மயூரா கீழே போய், அப்பாவை விடச் சொல்லிக் கேட்டாள். தான் ஒன்றையும் பிடித்து வைத்திருக்கவில்லை என்று தாய் சொன்னார். ஆனால் புதன்கிழமை இரவு சமையலறை மேசையில் புட்டும் சம்பலும் ஒரு பொதியாக வைத்துவிட்டுத் திரும்பவும் கீழே போனார். வீடு விற்பனைக்குப் படம் பிடிக்கிற பக்கத்து வீட்டு எம்மா, தன் ட்ரோனில் அதைக் கட்டி அனுப்பினாள். வியாழக்கிழமை இடியப்பம் போனது.

வெள்ளிக்கிழமை காலை உதயகுமாரி வெளியே வந்தார். தலையைக் குனிந்தபடியே வாகனத் தரிப்பிடத்தின் நடுவுக்கு நடந்து, எஞ்சினை நிற்பாட்டச் சொன்னார். ஜெகதீஸ்வரன் நிற்பாட்டினார். விமானம் விழவில்லை. அந்த அமைதியில் உதயகுமாரி மெல்ல மெல்ல அண்ணாந்தார். வெளிறிய வயிறு, இரண்டு சின்னச் சில்லுகள், விளிம்பால் எட்டிப்பார்க்கிற சவரம் செய்யாத முகம்.

"உங்கையிருந்து பாத்தா ஆக்கள் தெரியினமோ?"

இல்லை என்று ஜெகதீஸ்வரன் சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டும் என்றும் அவருக்கு இருந்தது.

"ஓம்" என்றார். "உம்மடை செருப்பின்ரை நிறமும் தெரியுது."

"அப்ப அந்தப் பொம்மர்க்காரன் தம்பியைக் கண்டுதான் இருக்கிறான்."

"ஓம்."

உதயகுமாரி தரையில் இருந்து அழுதார். எம்மாவும் மயூராவும் பக்கத்தில் வந்து இருந்தார்கள். ஜெகதீஸ்வரனுக்கு இறங்கி வர வழியில்லை. கண்டிருக்க மாட்டான், புகைக்குள் கிணற்றடி தெரிந்திருக்காது என்று இவ்வளவு காலமும் தனக்குத்தானே சொல்லிவந்ததை உதயகுமாரி அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னார். அழுது ஓய்ந்தபின் எழும்பி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"நீங்கள் ஆக்களைப் பாத்துப் போங்கோ" என்றார்.

எஞ்சின் பிடித்தது. விமானம் அவருடைய தலைக்கு மேலால், வகிடு கலைகிற அளவுக்குப் பதிவாகப் போனது. அதன் நிழல் தன்மேல் ஏறி இறங்கும்வரை உதயகுமாரி அசையாமல் நின்று பார்த்தார்.

இந்தக் கோடையிலும் ஜெகதீஸ்வரன் ஞாயிறுகளில் பறக்கிறார். ஹவுகெட்டோவுக்கு வந்ததும் விமானம் தானாக நிற்கும். கீழேயிருந்து யாராவது கை காட்டினால்தான் போகும். உதயகுமாரி பெரும்பாலும் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு காட்டுவார். அவர் வேலைக்குப் போயிருக்கிற நாட்களில், ரயிலுக்கு ஓடுகிறவர்களில் யாரோ ஒருவர் ஓட்டத்தை நிறுத்தாமலே கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறார்.