பெரிய வளவு

ஜெயரட்ணமும் யோகராணியும் சிட்னிக்கு வந்து லிட்கமில் குடியேறியது 1974இல். அதற்கு முன் பல வருடம் ஜேர்மனியில் ஸ்ருட்காட்டில் இருந்தவர்கள். அவர் அங்கே படித்து எஞ்சினியரானவர். யோகராணி ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை செய்தாள். மகள் ரஞ்சினி பிறந்ததும் அங்கேதான். பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமானபோது, வீட்டில் ஒரே மொழியைப் பேசுங்கள் என்றார் டாக்டர். அது ஜேர்மன் மொழியாயிற்று. யோகராணி அந்த மொழியிலேயே மகளைக் கொஞ்சினாள், ஏசினாள், நித்திரையாக்கினாள்.

ஆகவே சிட்னியில் ஒரு சிறிய ஜேர்மன் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ரஞ்சினியை அங்கே சேர்த்தார்கள். வாடகைக்கு எடுத்த ஒரு தேவாலயப் பின்மண்டபத்தில் அது நடந்தது. ரயிலில் சிறிது தூரம்தான். மகளைக் கொண்டுவந்து விடும் யோகராணி சிறுபிள்ளைகளின் வகுப்பில் உதவிக்கு நின்றுவிடுவாள். வகுப்பு ஆசிரியை ஹில்டெ அவளுக்குச் சிநேகிதியானாள்.

பிள்ளைகள் கூடக்கூட இடம் போதாமற்போயிற்று. ஒரு வகுப்பு நடைபாதையில் நடந்தது. நகரத்துக்கு வடக்கே, மரங்களும் விளையாட்டு மைதானமுமாக ஒரு பெரிய வளவு கிடைத்திருப்பதாக நிர்வாகம் சொன்னது. தூரம் அதிகம் என்று பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். கூட்டம் இழுபட்டபோது, எங்குமே வாய் திறவாத யோகராணி எழுந்து, பிள்ளைகள் ஓடுவதற்கு இடம் வேண்டும், நாங்கள் கொஞ்சம் சிரமப்பட்டால் என்ன என்று ஜேர்மனில் கேட்டாள். கைதட்டினார்கள். மாறுவதென்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து சொன்னபோதுதான் ஜெயரட்ணம் வழியை யோசித்தார். இரண்டு ரயில், பிறகு பஸ். அவர் காரில் கொண்டுபோய் விடலாமென்றால், அவருடைய வேலைத்தலமோ மற்றப் பக்கம். ஹில்டெ தன் காரில் தாய் மகள் இருவரையும் ஏற்றிப்போவதாகச் சொல்லியிருந்தாள். புது இடத்தில் யோகராணிக்குச் சம்பளத்தோடு வேலை தரவும் பள்ளிக்கூடம் தயாராக இருந்தது.

"ஒவ்வொரு நாளும் ஆரோ ஒராளின்ர காரைப் பாத்துக்கொண்டு நிக்கேலாது," என்றார் ஜெயரட்ணம். "பக்கத்துப் பள்ளிக்கூடத்தில விடுவம். இங்கிலீசும் வரும்தானே."

"ஓம்," என்றாள் யோகராணி. ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் பேசியவளுக்குக் குசினியில் அவர் ஒருவருக்கு முன்னால் வேறு சொல் வரவில்லை. ரஞ்சினி அயல் வீட்டுப் பிள்ளைகளோடு படிக்க ஆசைப்படுகிறாள் என்று ஹில்டெயிடம் பொய் சொன்னாள். ஹில்டெ அதை நம்பவில்லை, ஆனால் வற்புறுத்தவுமில்லை.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ரஞ்சினியின் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். அவள் தெருவில் தாயோடு ஜேர்மன் பேசுவதை நிறுத்தினாள். பிறகு வீட்டிலும் நிறுத்தினாள். யோகராணியின் ஆங்கிலம் கடைக்குப் போய்வர மட்டும் காணும். மகளுக்கோ தமிழ் தெரியாது.

அடுத்த வருடம் ஒரு பின்னேரம் ரஞ்சினி அழுதுகொண்டு வந்தாள். விம்மலுக்கிடையில் வேகவேகமாக ஆங்கிலத்தில் எதையோ சொன்னாள். யோகராணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜேர்மனில் சொல்லச் சொல்லிக் கேட்டாள். மறந்துபோச்சு என்று பிள்ளை ஆங்கிலத்திலேயே சொன்னாள். ஜெயரட்ணம் வேலையால் வந்துதான் மகளிடம் கேட்டு மனைவிக்குத் தமிழில் சொன்னார். வகுப்பில் எல்லோரையும் பிறந்தநாளுக்குக் கூப்பிட்ட ஒரு பிள்ளை, இவளை மட்டும் விட்டுவிட்டாளாம்.

சொல்லி முடித்தபின் அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு, நான் பள்ளிக்கூடத்தை மாத்தேக்க, நீர் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்," என்றார்.

"நீங்கள் என்னட்டக் கேட்டிருக்கலாம்," என்றாள் யோகராணி.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, மகளைத் திரும்பச் சேர்க்கலாமா என்று பார்க்க, மூவருமாகக் காரில் பெரிய வளவுக்குப் போனார்கள். அன்று அங்கே பெற்றோர் விழா. மைதானம் முழுக்கப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஹில்டெ குனிந்து ரஞ்சினியிடம் ஏதோ கேட்டாள். ரஞ்சினி தகப்பனுக்குப் பின்னால் ஒளிந்தாள். அவளுடைய வயதுப் பிள்ளைகளோடு இனிச் சேர்ப்பது கடினம், கீழ்வகுப்பில் வேண்டுமானால் இருத்தலாம் என்றாள் ஹில்டெ. சிறுபிள்ளைகளுடைய வகுப்பு உதவிக்கு வேறொரு பெண் வந்திருந்தாள். கீழ்வகுப்பில் இருக்க ரஞ்சினி சம்மதிக்கவில்லை. இந்தமுறை அவளைக் கேட்டுத்தான் முடிவெடுத்தார்கள்.

அதன் பிறகு யோகராணி மகளோடு தமிழில் பேசத் தொடங்கினாள். சாப்பாடு, உடுப்பு, மழை, வேண்டாம் என்று ரஞ்சினி ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டாள். தேவைகளைச் சொல்ல அது போதுமாயிருந்தது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் வராததுமாகச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் முன்பெல்லாம் ஜேர்மனில் அவள் தாய்க்குச் சொல்லும் நீளக் கதைகள் மட்டும் திரும்ப வரவில்லை.