ஐந்தாம் ரீல்

எதிர்சேவை அன்றைக்கு மதுரையில் புதுப்படம் ரிலீஸ் செய்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஊரே அழகரை வரவேற்கத் தல்லாகுளத்தில் கூடி நிற்கும். தியேட்டருக்கு எவன் வருவான்? இருபது வருஷத்துக்கு முன்னால் ‘எட்டாம் மடை’ அப்படித்தான் வந்தது. செல்லூரில் நான் ஆப்பரேட்டராக இருந்த தியேட்டரில் மேட்னிக்குப் பதினோரு பேர். மறுநாளே படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

பிறகு தியேட்டரையும் மூடினார்கள். நான் அதே செல்லூரில் விசைத்தறி மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை போட்டுப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் திவ்யா என்று ஒரு பெண், காலேஜ் படிக்கிறவள், கடை வாசலில் வந்து நின்றாள்.

“சோலைங்கிறது நீங்கதானே சார்? ‘எட்டாம் மடை’ய ஓட்டுனது நீங்கன்னு சொன்னாங்க.”

“நான் ஓட்டுனேன். அதுதான் ஓடல.”

அவள் சிரிக்கவில்லை. செல்போனை நீட்டினாள். படத்தின் கடைசிக் காட்சி. கதாநாயகன் பழி வாங்கி, ஜெயிலுக்குப் போய்த் திரும்பி, தனியாக மடையில் உட்கார்ந்திருக்கிறான். அடுத்து, பாதிப் படத்திலேயே செத்துப்போன அவன் பெண்டாட்டி பொன்னி, உசிலம்பட்டிச் சந்தையில் ஒரு குடையை விரித்துப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒரு பாட்டு. ‘வணக்கம்’ என்று போட்டுப் படம் முடிகிறது.

“செத்தவளக் கடைசியில சிரிக்க விட்டிருக்காரு பாருங்க! இப்படி ஒரு முடிவு யாருக்கு சார் தோணும்? எங்க செட்டுல இதப் பாத்து அழுகாத ஆளே இல்ல. குடைப் படம் போட்ட டீ-ஷர்ட்ட எம்புட்டுப் பேரு போட்டுத் திரியுறாங்க தெரியுமா? வர்ற ஞாயித்துக்கிழம காலையில கோரிப்பாளையத்துல ஒரு ஹால் பிடிச்சுப் போடுறோம். டைரக்டரும் வாராரு. நீங்களும் வரணும்.”

அந்த முடிவு யாருக்கும் தோன்றியதில்லை. அது என் தப்பு.

அன்றைக்கு ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டர்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். காலைக்காட்சி கோரிப்பாளையத்தில், மேட்னி எங்களிடம். எங்கள் தியேட்டர் பையன் பேயாண்டி ரீல் பெட்டியை மொபெட்டில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான். பதினான்கு ரீல் இருக்க வேண்டும், எண்ணினால் பதின்மூன்று. ஐந்தாவதை அங்கேயே மறந்து விட்டுவிட்டான். எடுக்கப் போனவன் எதிர்சேவைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டான். வேறு வழியில்லாமல் நாலுக்கு அப்புறம் ஆறை ஓட்டினேன். போஸ்டரில் போட்ட குடைப்பாட்டு எங்கேடா என்று பதினோரு பேரும் சீட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள். பதினோரு பேர் நூறு பேரின் சத்தம் போடுவது எங்கள் ஊரில் சாதாரணம்.

பதின்மூன்றாம் ரீல் ஓடும்போது பேயாண்டி வேர்த்து ஊற்ற வந்து சேர்ந்தான். பாட்டைக் காட்டாமல் அனுப்பினால் சீட்டு மிஞ்சாது. பதினான்காம் ரீலின் வாலில் இருந்த வணக்கத்தை வெட்டி, அந்த இடத்தில் ஐந்தை ஒட்டி, வணக்கத்தை அதற்குப் பின்னால் ஒட்டி ஓட்டினேன். சாயங்காலம் பிரித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். சாயங்காலக் காட்சிக்கு ஒருத்தரும் வரவில்லை. பெட்டி அப்படியே போய்விட்டது. மற்ற பிரிண்டெல்லாம் வீணாகிப் போக, இந்த ஒன்றிலிருந்துதான் பின்னால் டிவிக்காரர்கள் காப்பி எடுத்திருக்கிறார்கள்.

டைரக்டர் முத்திருளன் அதற்கப்புறம் படமே எடுக்கவில்லை. எழுமலையில் உரக்கடை வைத்திருக்கிறார் என்று திவ்யா சொன்னாள். அத்தனை பேர் முன்னால் அந்த மனிதர் தன் படத்தைப் பார்த்து, இது நான் வைத்த முடிவு இல்லையே என்று திகைத்து நின்றால் மானம் போய்விடும். முன்கூட்டியே காதில் போட்டுவிட வேண்டும் என்று சனிக்கிழமை எழுமலைக்கு பஸ் ஏறினேன்.

கடையை ஒட்டின வீட்டில் அவர் மனைவி கனகலட்சுமி வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். “இருவது வருசமா சினிமான்னு வாயத் தொறக்காத மனுசன். நாளைக்குக் கூட்டம் போட்டுக் கூப்பிட்டிருக்காக தம்பி” என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். அப்படியே திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

முத்திருளன் யூரியா மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று சொல்லி, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முகம் மாறவே இல்லை.

“தெரியும் தம்பி.”

“எப்படிண்ணே?”

“அந்தப் பதினோரு பேருல நானும் ஒருத்தன்.”

அவர் மூட்டையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஒன்னய அடிக்கத்தான் எந்திரிச்சேன். திரும்பிப் பாத்தா, எனக்குப் பின்னால ஒரு பெரியவரு துண்ட வச்சுக் கண்ணத் தொடைக்கிறாரு. ‘இவளப் போயி சாகடிச்சுப்புட்டாய்ங்களே’ன்னு அழுகுறாரு. நான் வச்ச வரிசையில காலையில கோரிப்பாளையத்துல பாத்தேன், ஒரு ஆளு அழுகல. அவசரத்துல ஒட்டுனவனுக்கு வந்தது எனக்கு வரலையேன்னு அப்படியே பஸ் ஏறிட்டேன். அதுக்கப்பறம் கேமராப் பக்கமே போகல.”

ஒரு ஆளின் பிழைப்பையே கத்தரித்து விட்டிருக்கிறேன். தாங்க முடியாமல் அழுதுவிட்டேன். “நாளைக்கு எல்லாமே நீங்க வச்சதுன்னே சொல்லுங்கண்ணே. நான் செத்தாலும் வாயத் தொறக்க மாட்டேன்.”

“இருந்து சாப்பிட்டுப் போ” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் இருநூறு பேர் இருப்பார்கள். படம் போடுவதற்கு முன்னால் திவ்யா மைக்கை நீட்டி, அந்த முடிவு எப்படித் தோன்றியது என்று கேட்டாள். முத்திருளன் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார்.

“பொன்னியச் சிரிக்க வச்சது நான். அவளக் கடைசியில கொண்டுபோயி வச்சது ஆப்பரேட்டர் சோலை. அந்தா உக்காந்திருக்காரு.”

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். திவ்யாவின் முகம் சுண்டிப்போனது. மெதுவாக என்னிடம் வந்தாள். “ஏன் சார் அங்க ஒட்டுனீங்க?”

“பாட்டுப் போடலன்னா சீட்டக் கிழிச்சிருவாய்ங்கன்னு பயந்துக்கிட்டுதாம்மா.”

யாரோ குபீரென்று சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். பிறகு எல்லோருமாகக் கைதட்டினார்கள்.

முத்திருளன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். இந்தப் படத்தைச் சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கேபினில் இருப்பவனுக்கு ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்பதுதான் படம். கடைசியில் பொன்னி குடையை விரித்துச் சிரித்தபோது கண்ணைத் துடைக்கத் துண்டைத் தேடினேன்.

பக்கத்தில் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, பின்வரிசைகளில் அழுகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்தார்.

“தம்பி, அந்தச் சிரிப்ப நான்தானே எடுத்தேன்?”

“நீங்கதாண்ணே. வேற யாரு?”

அப்புறம்தான் திரையின் பக்கம் திரும்பினார். அதற்குள் வணக்கம் போட்டுவிட்டார்கள். ஐந்தாம் ரீலை மறுபடியும் போடச் சொல்லி நான் சீட்டைத் தட்ட ஆரம்பித்தேன்.