மூக்கு மேடம் தேர்ந்தெடுத்த புகை

இருபது வருடமாகத் தண்ணீர் குடிக்க மட்டுமே சமையலறைக்குள் வந்த மனிதர், ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "நாம ஒரு ஸ்மோக்கர் வாங்கலாமா?" என்று கேட்டால் சந்தேகம் வருமா, வராதா? எனக்கு வந்தது.

"எதுக்கு?" என்றேன்.

"கோழி, மீனெல்லாம் புகையிலயே வேகவச்சுச் சாப்பிடலாம்ல. கரண்ட்ல ஓடறது ஒண்ணு இருக்கு. மரத்தூளை அழுத்தி உருட்டின பெல்லட்டைப் போட்டு எரிக்கறது ஒண்ணு இருக்கு. எது நல்லதுன்னு நீதான் சொல்லணும். உன் மூக்குக்கு முன்னாடி எவன் நிக்க முடியும்?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் என் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது.

என் மூக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சமையல் எண்ணெய் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் கொஞ்சம் எண்ணெயைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்து, இளஞ்சூடாக்கி, மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். சிக்கு வாடை இருக்கிறதா, பழைய எண்ணெய் கலந்திருக்கிறதா, குழாயிலிருந்து இரும்பு வாடை ஏறியிருக்கிறதா என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். எந்திரங்களும் உண்டு. ஆனால் எந்திரம் சரி என்ற பிறகும் என் கையெழுத்து விழுந்தால்தான் வண்டி கிளம்பும். கம்பெனியில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூக்கு மேடம்தான்.

அந்த மூக்கு போய் நான்கு மாதம் ஆகிவிட்டது. நானும் என் வீட்டுக்காரரும் ஒரே வாரத்தில் காய்ச்சலில் படுத்தோம். எழுந்தபோது எனக்கு எதுவுமே மணக்கவில்லை. காப்பி என்பது கசக்கிற வெந்நீர். சோப்பு வழுக்குகிற கல். டாக்டர், "வந்தா வரும், அவசரப்பட்டா ஆகாது" என்றார். வராவிட்டால் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எந்திரம் காட்டும் எண்ணைப் பார்த்து, நெற்றியைக் கொஞ்சம் சுருக்கி, தலையை ஆட்டி, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வேலை போனால் நான் யார்? மூக்கில்லாத மூக்கு மேடம்.

இதை வீட்டுக்காரரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவருக்குத் தெரிந்தால் அவருடைய அக்காவுக்குத் தெரியும். என் நாத்தனார் வாயில் ஒரு சேதி விழுந்தால் கூரையேறிக் கூவாமல் இருக்கமாட்டாள். போதாக்குறைக்கு, அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி எங்கள் கம்பெனியில் பாக்கெட் கட்டும் பிரிவில் இருக்கிறாள்.

மடியில் கனம் இருப்பவனுக்கு வழியெல்லாம் பயம். இந்த நான்கு மாதமாக அவர் செய்வது எல்லாமே எனக்குப் பொறியாகத்தான் தெரிந்தது. முன்பெல்லாம் பால் கெட்டுவிட்டதா என்று அவரே மோந்து பார்ப்பார். இப்போது பாத்திரத்தை என் மூக்குக்கு நேரே நீட்டி, "பாரேன்" என்கிறார். சட்டையைக் கொண்டுவந்து, "இது இன்னும் ஒரு நாள் தாங்குமா?" என்கிறார். சாப்பிட உட்கார்ந்தால் கையை வைப்பதற்கு முன், "வாசனை எப்படி இருக்கு?" என்று என் முகத்தையே பார்க்கிறார். நான் பாலை அடுப்பில் வைத்துத் திரிகிறதா என்று பார்ப்பேன். சட்டைக்குக் காலரின் அழுக்கைப் பார்ப்பேன். குழம்புக்கு, "பிரமாதம்" என்பேன். உடனே அவர் முகம் மலர்ந்துபோகும். எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு இன்னும் எரியும்.

கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டையும் அருகருகே நிறுத்தி வைத்திருந்தார். மின்சார ஸ்மோக்கர் ஒரு சின்ன பீரோ மாதிரி இருந்தது. உள்ளே சூடாகும் கம்பி, அதற்கு மேலே மரச்சில்லு போடும் ஒரு தட்டு. சூட்டை வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்றார். பெல்லட் ஸ்மோக்கருக்குப் பக்கவாட்டில் ஒரு பெட்டி. அதில் பெல்லட்டைக் கொட்டினால் திருகு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நெருப்பில் போட்டுக்கொண்டே இருக்குமாம், ஒரு விசிறி புகையைச் சுற்றி அனுப்புமாம். இதையும் மறந்துவிடலாம் என்றார். மறக்கச் சொல்லி விற்கிற எந்தப் பொருளையும் நான் நம்புவதில்லை.

"பெல்லட்ல பசை கிசை கலந்திருக்கா?"

"சுத்தமான மரம் மேடம். மோந்து பாருங்க" என்று ஒரு கைப்பிடி அள்ளி நீட்டினார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து மூச்சை இழுத்து, "ம்ம்" என்றேன். எனக்குத் தெரிந்தது தூசி மட்டும்தான். தும்மல் வந்தது.

"கரண்ட்ல வைக்கற புகை லேசா இருக்கும். இது கனமா இருக்கும்" என்றார் கடைக்காரர். "கண்ணாலயே வித்தியாசம் தெரியும். பெல்லட்ல வச்ச கறியை வெட்டினா ஓரத்துல ரோஸ் கலர்ல ஒரு கோடு தெரியும். கரண்ட்ல வச்சதுல அது தெரியாது."

இதை மட்டும் நான் மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன். கண்ணால் பார்க்க முடிந்தது ஒன்றாவது கிடைத்ததே.

கடைக்காரர் பெல்லட் ஸ்மோக்கரை எரித்துக் காட்ட, வீட்டுக்காரர் தாடையைத் தடவியபடி அரை மணி நேரம் அதன் புகைக்குள்ளேயே நின்றார். கண்ணில் நீர் வழிந்தும் நகரவில்லை. பிறகு, "வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டுலயும் செஞ்சு, தட்டை மாத்தி வச்சு, இவளைக் கண்டுபிடிக்கச் சொல்லிடுவோம்" என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே பெல்லட் ஸ்மோக்கரை ஒரு வாரம் பழகிப் பார்க்கத் தருவதாகச் சொன்னார். மின்சார ஸ்மோக்கர் நாத்தனாரிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த மாதிரி எவ்வளவு கச்சிதம் பாருங்கள்!

சனிக்கிழமை காலை பின்வாசலில் இரண்டும் புகைந்துகொண்டிருக்க வேண்டும் என்று ஏற்பாடு. பெல்லட்டைக் கடைக்காரரே ஒரு பை கொடுத்திருந்தார். மின்சாரத்துக்குத்தான் மரச்சில்லு வேண்டும். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மாட்டும் மெக்கானிக். "வேலை நடக்கற எடத்துல மரம் சும்மா கெடக்குது, அதுக்குப் போய்க் காசு குடுப்பாங்களா?" என்று ஒரு பை நிறைய வெட்டிக்கொண்டு வந்திருந்தார். பையின் வாயைத் திறந்து வழக்கம்போல என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"சரியா இருக்கா பாரு. நீ சொன்னாத்தான் போடுவேன்."

சில்லுகள் அங்கங்கே கறுத்திருந்தன. வைரம் பாய்ந்த கட்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூச்சை இழுத்து, கண்ணை மூடி, இரண்டு விநாடி வைத்திருந்தேன். அந்த நடிப்பில் எனக்கு நல்ல பழக்கம் வந்திருந்தது.

"அருமையான மரம்ங்க. ஏதோ பழமரம் மாதிரி இனிப்பா இருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. தட்டில் கொட்டினார்.

நான்கு மணி நேரம் கழித்து அடையாளம் தெரியாமல் இரண்டு தட்டு என் முன்னால் வந்தது. இரண்டிலும் கோழித்தொடை. அவர் எதிரே உட்கார்ந்து முழங்கைகளை மேஜையில் ஊன்றிக்கொண்டார். நான் கத்தியை எடுத்து நிதானமாக வெட்டினேன். வலது தட்டில் தோலுக்குக் கீழே ரோஸ் கோடு. இடது தட்டில் இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஆனாலும் அவசரப்படவில்லை. இரண்டையும் மோந்தேன், மென்றேன், உப்பும் காரமும் தவிர எதையும் காணாமல் விழுங்கினேன்.

"இது பெல்லட்" என்று வலது தட்டைத் தொட்டேன். "இது கரண்ட்."

"கரெக்ட்! எது நல்லா இருக்கு?"

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தவளுக்கு வாய் நீளத்தானே செய்யும்? "கரண்ட்டுதாங்க. புகை லேசா, இனிப்பா, நாக்குல பூ மாதிரி இருக்கு. பெல்லட் கொஞ்சம் முரடு" என்றேன்.

"அப்ப கரண்ட்டையே வாங்கிடுவோம்" என்று இடது தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு தொடையை முழுசாக முடித்துவிட்டு இரண்டாவதைக் கடித்தார். அந்த நேரத்தில்தான் நாத்தனார் பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள். வந்தவள் சேலைத் தலைப்பை மூக்கில் அழுத்திக்கொண்டாள்.

"அய்யய்யோ, என்னடா இது கிரீஸ் நாத்தம்! கோழியைச் சமைக்கறீங்களா, லிஃப்ட்டை வறுக்கறீங்களா?"

அவள் பின்வாசலுக்கே திரும்பிப் போய் மரச்சில்லுப் பையை எடுத்து முகர்ந்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்தபடி வந்தாள். "டேய், இது லிஃப்ட் தண்டவாளம் வர பெட்டிப் பலகைதானே? துருப் பிடிக்காம இருக்க மொத்தமும் கிரீஸைப் பூசி அனுப்புவாங்கன்னு நீதானேடா சொல்லுவே? பலகை பூரா ஊறிக் கெடக்கு. என் ஸ்மோக்கரே பாழாப் போச்சு!"

எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. ஆக, பொறி இதுதான். புகை எது என்று கேட்பதெல்லாம் கண்துடைப்பு. கிரீஸ் புகையைத் தின்னக் கொடுத்து, அதற்குச் சாட்சியாக அக்காவையும் வரச்சொல்லி, என்ன அழகான ஏற்பாடு!

"வேணும்னே பண்ணீங்கல்ல?" என்று எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது. "நாலு மாசமா பாலை நீட்டி, சட்டையை நீட்டி வேவு பாத்துட்டு, இப்ப கிரீஸ்ல வந்து நிக்கறீங்க. எனக்கு மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா நேரா கேக்க வேண்டியதுதானே? எதுக்கு இந்த நாடகம்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் பிடித்துவிட்ட பெருமை இல்லை. பாதி கடித்த தொடை கையில் அப்படியே நின்றது.

"உனக்கு மூக்கு போச்சா?" என்றார்.

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதில்லை.

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"சத்தியமா தெரியாது." தொடையைத் தட்டில் வைத்தார். கை விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் வேவு பாக்கலம்மா. எனக்கும் இல்ல. அதே காய்ச்சல்லதான் போச்சு. வெளிய சொன்னா மெஷின் ரூமுக்குள்ள விடமாட்டாங்க. மோட்டார் கருகறதை மூக்குதானே முதல்ல சொல்லும். உன்கிட்ட கேக்கறதுக்கு முந்தின நாள் அந்தக் கடை வாசல்ல புகையைப் பாத்ததும், இவ்ளோ கனமா இருந்தா கொஞ்சமாவது தெரியுமோன்னு ஒரு ஆசை. அதான் ஸ்மோக்கர் கேட்டேன்."

"அப்ப பால்?"

"எனக்குத் தெரிஞ்சாத்தானே நான் பாக்கறது? நீ இருக்கியேன்னு விட்டுட்டேன். உன் மூஞ்சியைப் பாத்துதான் குடிக்கறேன், உன் மூஞ்சியைப் பாத்துதான் சாப்பிடறேன். அந்த மரத்தைக் கூட நீ அருமைன்னு சொன்னதாலதான் போட்டேன். கிரீஸ் பலகையான்னு எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு."

நாத்தனார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்ல வந்து, மேஜையில் இருந்த இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டினாள்.

எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நான்கு மாதம் ஒரே மேஜையில் உட்கார்ந்து, இரண்டு பேரும் பயந்துகொண்டே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறோம். அவர் என்னை நம்பினார். அந்த நம்பிக்கையைத்தான் நான் வேவு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆளை நான் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

கிரீஸை மோந்து பார்த்துப் பழமரம் என்று சொன்னவள் நான். சொன்னதை நம்பி ஒரு மனுஷன் இரண்டாவது தொடையையும் கடித்தார். என் கையெழுத்தை நம்பி எத்தனை வீட்டில் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்திருப்பார்கள்? அந்தக் கணக்கை என்னால் போட முடியவில்லை. உட்கார நாற்காலி தேடினேன். அவர் அதை நிமிர்த்திப் போட்டு, என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். கம்பெனிக்குச் சொல்லிவிடப் போவதாக அவரிடம் சொன்னேன்.

"இப்பவே சொல்லணுமா? திங்கக்கெழமை நேர்ல போய்ச் சொல்லிக்கலாமே" என்றார்.

"திங்கக்கெழமை வரைக்கும் எனக்குத் தைரியம் தாங்காதுங்க."

போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சார், நேத்து சாயங்காலம் நான் கையெழுத்துப் போட்ட ஏழாவது தொட்டி கெளம்பிடுச்சா?"

"இன்னும் இல்ல மேடம், நாளன்னிக்குக் காலையிலதான் வண்டி. ஏன், ஏதாவது வாடை தெரிஞ்சுதா?"

"இல்ல சார்" என்றேன். "நாலு மாசமா எனக்கு எதுவுமே தெரியல."