நின்ற இடம்

காற்றைக் குப்பியில் பிடித்து வருவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டால், வேலைதான். அதற்கென்றே ஒரு ஆய்வுக்கூடம் ஆள் வைத்திருந்தது. அந்த ஆளை எல்லோரும் குப்பிக்காரர் என்பார்கள். முப்பது வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். படிப்பு ஐந்தாவதோடு சரி. யாரையும் லேசில் நம்பமாட்டார். கடையில் தராசை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்காமல் பொருள் வாங்கமாட்டார்.

செவ்வாய்தோறும் காலையில் ஊருக்கு வெளியே நிற்கிற இரும்புக் கோபுரத்தில் நூற்று நாற்பத்து நாலு படி ஏறவேண்டும். உச்சியில், காற்று வருகிற பக்கம் பார்த்து நின்று, இரண்டு முனையிலும் திருகு வைத்த கண்ணாடிக் குப்பியைக் கையோடு கொண்டுவந்த பம்பில் மாட்டி, பத்து நிமிஷம் காற்றை ஓடவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு திருகுகளை மூடவேண்டும். மனுஷ மூச்சு கலந்தால் குப்பி வீண். பிறகு புத்தகத்தில் தேதியும் மணியும் எழுதவேண்டும்.

குப்பியை வாங்கிக்கொள்கிறவர் டாக்டரம்மா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, காற்றைப் படித்து டாக்டர் ஆனவர்.

"பல்லு புடுங்கறப்ப மயக்கத்துக்குக் குடுப்பாங்களே, சிரிப்பு வாயு, அதுதாங்க நைட்ரஸ் ஆக்சைடு," என்று முதல் நாளே சொன்னார். "வானத்துல வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது, பூமியைச் சூடாக்குது. இந்த ஊர்க் காத்துல எங்கேருந்து வந்து சேருதுன்னு பாக்கறோம்."

"சிரிப்பு வாயுவா? இந்த ஊர்ல ஒருத்தன் மூஞ்சிலயும் சிரிப்பக் காணோமேம்மா."

டாக்டரம்மா சிரித்தார். காகிதத்தில் மூன்று வட்டம் போட்டார். "இதுல ரெண்டு நைட்ரஜன். ஒண்ணு நடுவுல, ஒண்ணு ஓரத்துல. மூணாவது ஆக்சிஜன். நைட்ரஜன்லயே லேசானது, கனமானதுன்னு ரெண்டு உண்டு. அதைத்தான் ஐசோடோப்புன்னு சொல்றோம். உரம் போட்ட வயல்ல கிருமிங்க செய்யற வாயுவுல கனமானது எவ்வளவு, அது நடுவுல உக்காந்திருக்கா ஓரத்துல உக்காந்திருக்கான்னு ஒரு கணக்கு. சாக்கடைத் தண்ணிக்கு வேற கணக்கு. அமிலத் தொழிற்சாலைக்கு வேற. மெஷின்ல அளந்து, அதை வச்சு அது பொறந்த எடத்தச் சொல்லிடலாம்."

"ஜாதகம் பாக்கறீங்கன்னு சொல்லுங்க."

"ஜாதகம் தப்பிப் போகும். எடுத்த எடம் சரியா இருந்தா இது தப்பாது."

அதைக் காதில் வாங்கினார், மனசில் வாங்கவில்லை. படித்தவர்களுக்குப் பொழுது போகவேண்டாமா என்று நினைத்துக்கொண்டார்.

கோபுரத்துக்குப் போகிற வழியில் நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். குப்பிக்காரரின் தங்கை வீட்டுக்காரர் அங்கே ஆப்பரேட்டர். வட்டத் தொட்டிகளில் நிற்கிற கழிவுநீருக்குள் காற்றை அடிக்கிற ஊதுயந்திரங்கள் அவர் பொறுப்பு. இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் அந்தக் காற்றைக் குறைத்ததில்லை என்பது அவருக்கு ஒரு பெருமை. செவ்வாய் காலை மச்சான் வருவார் என்று டீ போட்டு வைத்திருப்பார்.

குப்பிக்காரருக்கு முட்டிவலி. ஏறும்போது முட்டி முனகும், இறங்கும்போது கெட்ட வார்த்தை பேசும். ஒரு செவ்வாய்க்கிழமை மழை வேறு. இரும்புப் படி வழுக்கும். டீயைக் குடித்துவிட்டு எழுந்தவர், குப்பியையும் பம்பையும் தொட்டிச் சுவர்மேல் வைத்தார்.

"காத்துக்கு வேலியா போட்டிருக்கு, மாப்ள? அங்க புடிச்சா என்ன, இங்க புடிச்சா என்ன?"

"அதானே மச்சான். குடுங்க, டியூபை நான் புடிச்சுக்கறேன்," என்றார் மாப்பிள்ளை.

திருகை மூடும்போது இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

அடுத்த செவ்வாய் மழை இல்லை. முட்டி இருந்தது. இப்படியே நாலு மாசம் ஓடியது.

ஒருநாள் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். மேஜை முழுக்கக் காகிதம்.

"ஐயா, இந்த நாலு மாசமா வாயு எக்கச்சக்கமா இருக்கு. அத்தனையும் சாக்கடைக் கிருமியோட கணக்கு. சந்தேகமே இல்ல. கோபுரத்து மேலதானே எடுத்தீங்க?"

"பின்னே?" என்றார் குப்பிக்காரர்.

அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அதை விழுங்கிப் பார்த்தார். சொன்ன சொல் வயிற்றுக்குள் திரும்பிப் போகுமா?

அறிக்கை நகராட்சிக்குப் போனது. தொட்டியில் காற்றுக் குறைந்தால் இந்த வாயு கூடும் என்று அங்கே ஒரு இன்ஜினியருக்குத் தெரிந்திருந்தது. அப்படியானால் ஆப்பரேட்டர் ஊதுயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தூங்கியிருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். விசாரணையில் மாப்பிள்ளை, "நான் குறைக்கல" என்று மட்டும் சொன்னார். தொட்டிச் சுவர்மேல் வைத்த குப்பியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவரை யந்திர அறையிலிருந்து எடுத்து, கழிவுநீர் உள்ளே வருகிற கம்பித் தடுப்பில் சிக்கும் துணியையும் முடியையும் வாரிப் போடுகிற வேலைக்குப் போட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

விஷயம் தெரிந்ததும் குப்பிக்காரர் ஓடினார். மாப்பிள்ளை நீளக் கைப்பிடி வைத்த வாரியோடு நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயசு. பூட்ஸுக்குள் தண்ணீர்.

"ஏன் மாப்ள சொல்லல? எங்க புடிச்சோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இந்த வயசுல, இந்த முட்டியோட, வேற எவன் வேலை குடுப்பான்?"

"அதுக்காக நீ இதை வாரணுமா? நான் போய் உண்மையச் சொல்றேன்."

"உங்க ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாசந்தான். வாயை மூடிக்கிட்டு இருங்க மச்சான். நான் சமாளிச்சுக்குவேன்."

குப்பிக்காரர் சரி என்றார். சரி என்றபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினது மாதிரி இருந்தது. அந்த நிம்மதியைத்தான் பிற்பாடு அவரால் மன்னிக்க முடியவில்லை.

ஆறு வாரம் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தார். குப்பியை மட்டும் கோபுரத்தில் ஏறிப் பிடித்தார், முட்டி என்ன திட்டினாலும். அந்தக் குப்பிகள் டாக்டரம்மாவின் அலமாரியில் முறை வருவதற்காகக் காத்திருந்தன.

ஏழாவது வாரம் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, அவரு வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு. புதுசா வந்த ஆப்பரேட்டரு, 'என்னண்ணே, இங்கயாவது தூங்காம வாருங்க'ன்னானாம்." பிறகு, "எங்கிட்ட இன்னிக்குத்தான் எல்லாத்தையும் சொன்னாரு," என்றாள்.

எல்லாத்தையும் என்றால் எதை என்று அவர் கேட்கவில்லை. கேட்பதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

மறுநாள் ஆய்வுக்கூடம் திறக்குமுன்பே வாசலில் நின்றார். டாக்டரம்மா வந்ததும் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நாலு மாசமுமா?"

"நாலு மாசமும். உங்க மெஷின் பொய் சொல்லலம்மா. நாந்தான் சொன்னேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. அன்றைக்கே நகராட்சிக்குக் கடிதம் எழுதினார். கோபுரத்துக் குப்பிகளை எடுத்துப் பார்த்தார். கூடுதலாக வந்த வாயுவில் பெரும்பங்கு வயல்களில் போட்ட உரத்தினுடையது. யாரையும் கூப்பிட்டு விசாரிக்க முடியாத குற்றம். நகராட்சி பதில் போட்டது: ஆப்பரேட்டர்மேல் தப்பு இல்லை, வருந்துகிறோம், ஆனால் விலகல் அவராக எழுதிக் கொடுத்தது, அந்த இடத்துக்கு ஆள் போட்டாயிற்று.

குப்பிக்காரரை வேலையை விட்டு அனுப்பவில்லை. டாக்டரம்மா புத்தகத்தில் புதிதாக ஒரு கட்டம் மட்டும் போட்டார், 'நின்ற இடம்' என்று. "இனிமே இதையும் எழுதுங்க ஐயா," என்றார், அவ்வளவுதான். இவ்வளவுக்குத்தானா பயந்தோம் என்று அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்தச் செவ்வாய் கோபுரத்திலிருந்து இறங்கினதும், நகராட்சிக் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை வாசலில் உட்கார்ந்து பழைய மேஜை விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். கடிதத்தை வாங்கிப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"வயல்தானாம், மாப்ள."

"அப்படியா."

திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தார் குப்பிக்காரர். வரும் வழியெல்லாம் அதற்குப் பதில்கூட யோசித்து வைத்திருந்தார். மாப்பிள்ளை விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டே, "முட்டி எப்படி இருக்கு மச்சான்?" என்றார்.

"கோபுரம் ஏறுது மாப்ள," என்றார்.

தங்கை உள்ளேயிருந்து ஒரே ஒரு டம்ளர் டீ கொண்டுவந்தாள். புருஷன் பக்கத்தில் வைத்தாள். அண்ணன் நிற்கிற பக்கம் திரும்பாமலே உள்ளே போனாள்.